கோ டூ வதைப் படலம்

இன்றைக்கு மாப்பிள்ளை ஐ.டி. என்றால் பத்துப் பொருத்தத்தில் ஐந்து ஜாதகத்தைத் திறக்காமலேயே சேர்ந்துவிடுகிறது. 1957ல் ஆம்ஸ்டர்டாமில் நிலைமை வேறு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு இளைஞர் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனார். தொழில் என்ன என்று கேட்டார்கள். "புரோகிராமர்" என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் சான்றிதழில் "கோட்பாட்டு இயற்பியலாளர்" என்று எழுதித்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. இந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1972ல் டூரிங் விருது வாங்கிய மேடையில், உலகமே கேட்க, போட்டுடைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய வருடம் இதே மனிதர், நிச்சயித்த பெண்ணோடு கடைவீதி சுற்றிக் களைத்து ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார். அப்போது இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை, காகிதமோ பென்சிலோ இல்லாமல், இருபது நிமிடத்தில் மனசுக்குள்ளேயே போட்டு முடித்தார். இன்று நம் போனில் "இடதுபுறம் திரும்பவும்" என்று ஒரு பெண்குரல் அதட்டுகிறதே, அதற்கெல்லாம் மூதாதை அந்தக் கணக்குதான். குறுக்குவழிக்குக் குலகுருவான இந்தப் புண்ணியவான், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, நிரலுக்குள் யாரும் குறுக்கே தாவக் கூடாது என்று 144 போட்டார்.

தாவுவது என்றால் என்ன? கணினி, நிரலை மேலிருந்து கீழாக வரிவரியாகச் செய்துகொண்டு போகும். நடுவே "கோ டூ 340" என்று வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு 340ஆம் எண் வரிக்கு ஓட வேண்டும். அங்கே போனால் "கோ டூ 120". 120க்கு எதற்கு வந்தோம், யார் அனுப்பினார்கள், திரும்பிப் போக வேண்டுமா என்பதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்காது. கணினிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. போகச் சொன்னால் போகும், அரசு ஊழியர் மாதிரி காரணமும் ஆணையும் கேட்காது. சிரமமெல்லாம் பின்னால் வந்து படிக்கிறவனுக்கு. ஆனால் 1950களில் படிக்கிறவன் என்று ஒரு ஜீவன் உண்டு என்பதே யார் புத்தியிலும் ஏறவில்லை. எந்திரத்தின் விலைக்கு முன்னால் மனிதனின் சம்பளம் தூசு. அதன் ஒரு நொடியை மிச்சம் பிடிக்க இவனுடைய ஒரு மாதத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பதுதான் அன்றைய பொருளாதாரம்.

ஐபிஎம் 1957ல் கொண்டுவந்த ஃபோர்ட்ரானில் "இஃப்" என்ற கட்டளை இருந்தது. ஒரு கணக்கைப் போட்டு, விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் ஒரு வரி, சரியாகப் பூஜ்யம் என்றால் இன்னொரு வரி, மேலே என்றால் மூன்றாவது வரி என்று ஒரே மூச்சில் ஆளை மூன்று திசைக்குத் துரத்தும். இப்படி முப்பது இஃப் இருக்கும் நிரலைப் படிக்க வண்ணப் பென்சில்கள், பெரிய காகிதம், பொறுமையான மனைவி மூன்றும் வேண்டும்.

இதெல்லாம் விஞ்ஞானிகளுக்கு. வியாபாரிகளுக்கும் ராணுவத்துக்கும் 1959ல் ஒரு கமிட்டி கூடி கோபாலை உருவாக்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆசியோடு கூடிய கமிட்டி. வேலை நகர்ந்த வேகத்தைப் பார்த்து வெறுத்துப்போன உறுப்பினர் ஹோவர்ட் பிராம்பெர்க், பளிங்கில் ஒரு கல்லறைக்கல் வாங்கி, "கோபால்" என்று பெயர் பொறித்து, பென்டகனுக்கே அனுப்பிவைத்தார். கல் இன்று கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. கோபாலும் வங்கிகளில் பத்திரமாக இருக்கிறது.

மேனேஜர்கூடப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கில வாக்கியங்களாக நிரல் இருக்க வேண்டும் என்பது கோபாலின் லட்சியம். உத்தமமான லட்சியம்தான். ஆனால் அதே கமிட்டி "ஆல்டர்" என்று ஒரு கட்டளையையும் மொழிக்குள் விட்டது. ஓர் இடத்தில் "கோ டூ வட்டிக் கணக்கு" என்று எழுதியிருக்கும். நூறு பக்கம் தள்ளி ஒரு மூலையில் ஆல்டர் உட்கார்ந்துகொண்டு, "அங்கே வட்டிக் கணக்கு என்று இருந்தாலும் இனிமேல் அபராதக் கணக்குக்குப் போகவும்" என்று ஓடும்போதே மாற்றிவிடும். அதாவது கண்ணால் பார்ப்பதும் பொய். நிரலில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்று நிரலிலேயே எழுத முடிந்த காலம் அது. இந்த ஆல்டரைத் தரநிலையிலிருந்து விரட்ட 2002 வரை ஆயிற்று. அதற்குள் 1990களின் கடைசியில், வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பெரியவர்களின் பாவத்தைக் கழுவ, சென்னையில் பிள்ளைகள் கோபால் வகுப்புக்குப் போனார்கள். தாத்தா வயசு நிரலை முதன்முதலாக முழுசாக உட்கார்ந்து படித்தவர்களில் பலர் நம்மூர்க்காரர்கள். அவர்கள் வாழ்த்தியதைப் பதிப்பிக்க முடியாது.

படிக்கிறவனை நினைக்காத அந்த ஆதி யுகத்தின் மாவீரன் மெல் என்ற புரோகிராமர். ராயல் மெக்பீ என்று ஒரு கம்பெனி, தட்டச்சு எந்திரப் பரம்பரை. அதன் கணினிகளில் நினைவகம் என்பது சுழலும் ஓர் உருளை. ஒரு கட்டளை முடிந்து அடுத்த கட்டளை வேண்டுமென்றால் உருளை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். மெல் காத்திருக்கிற ஜாதி இல்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அடுத்தது சரியாக அந்தக் கணத்தில் படிக்கும் முனைக்கு அடியில் வந்து நிற்கும்படி உருளையில் இடம் பிடித்துவைப்பார். இதைத் தானாகச் செய்யும் மென்பொருள் அப்போதே இருந்தது. மெல் அதைத் தொடமாட்டார். எதை எங்கே வைக்கும் என்று அதற்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாதே என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு, ஒரு பெருக்கலுக்கு எண் வேண்டுமென்றால், நிரலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டளையையே எண்ணாகப் பாவித்துப் பெருக்குவார். அந்தக் கட்டளையை யாராவது திருத்தினால் எங்கோ இருக்கும் கணக்கு கவிழும். அதைப் பற்றி மெல்லுக்கு என்ன? திருத்தப் போவது மெல் இல்லையே.

அவர் எழுதிய பிளாக்ஜாக் சீட்டாட்டம் கண்காட்சிகளில் வாடிக்கையாளர்களை மயக்கியது. ஆனால் வாடிக்கையாளர் சில சமயம் தோற்றார். விற்பனைப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு ஸ்விட்சைத் தட்டினால் வந்தவர் ஜெயிக்கும்படி மாற்றித் தரச் சொன்னார்கள். அது அயோக்கியத்தனம் என்று மெல் மறுத்தார். மேலிடம் கெஞ்சியது, மிஞ்சியது. கடைசியில் எழுதிக் கொடுத்தார், சோதனையைத் தலைகீழாக வைத்து. ஸ்விட்சைத் தட்டினால் கணினி ஏமாற்றியது, ஒவ்வோர் ஆட்டமும் அதுதான் ஜெயித்தது. தன் ஆழ்மனத்துக்கு அடக்க முடியாத நேர்மை என்று மெல் பூரித்துப்போய், திருத்த மறுத்துவிட்டார். பிறகு வேலையையும் விட்டுப் போனார்.

இப்போது வருகிறார் நம் கதையின் உண்மையான பரிதாபத்துக்குரிய பாத்திரம், படிக்கிறவர். பெயர் எட் நேதர். மெல்லின் நிரலைப் பிரித்து அந்தத் தலைகீழ்ச் சோதனையைச் சரிசெய்யும்படி உத்தரவு. உள்ளே போனால் ஒரு லூப். லூப் என்றால் சுற்று, சுற்றிலிருந்து வெளியேற ஒரு நிபந்தனை வேண்டும். இதில் நிபந்தனையே இல்லை. நியாயமாகப் பார்த்தால் பிரளயம் வரை சுற்ற வேண்டும். நிரலோ ஒழுங்காக வெளியே வந்து வேலை பார்க்கிறது. நேதருக்கு விளங்க இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் மெல் ஒரு கட்டளையின் முகவரியை ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறார். தரவுகளை நினைவகத்தின் உச்சியில் வைத்திருக்கிறார். கடைசித் தரவைத் தாண்டியதும் முகவரி நிரம்பி வழிந்து, வழிந்த ஒன்று கட்டளையின் பெயரையே மாற்றிவிடுகிறது. மாறிய பெயர்: தாவு. எங்கே? பூஜ்யத்துக்கு. அங்கே நிரலின் அடுத்த பகுதி சமர்த்தாகக் காத்திருக்கிறது.

நேதர் கைகூப்பிவிட்டு எழுந்தார். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். 1983ல் இதை அவர் எழுதி யூஸ்நெட் என்ற விவாத வலையில் போட்டபோது உலகத்து புரோகிராமர்களெல்லாம் கண்ணீர் மல்கினார்கள். யாரோ ஒருவர் வரிகளை உடைத்துப்போட்டுப் புதுக்கவிதையாகவே ஆக்கிவிட்டார். கவிதையின் நாயகன் மெல். இரண்டு வாரம் மண்டை காய்ந்தவர் வெறும் கதைசொல்லி. கம்பெனிப் பணத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நேதர் அப்போது டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் வானியல் பேராசிரியராக இருந்தார். 1984ல் அதே வளாகத்துக்குக் கணினி அறிவியல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? டைக்ஸ்ட்ரா.

அவர் விஷயத்துக்குத் திரும்புவோம். 1966ல் போம், யாக்கோபினி என்ற இரண்டு இத்தாலியர்கள் கணிதரீதியாக ஒன்றை நிறுவினார்கள்: வரிசை, கிளை, சுற்று இந்த மூன்றை வைத்து எந்த நிரலையும் எழுதிவிடலாம், தாவவே வேண்டாம். அதிகம் பேர் கவனிக்கவில்லை. பிறகு டைக்ஸ்ட்ரா இரண்டு பக்கத்துக்குக் கூட எட்டாத ஒன்றை ஒரு கணினிச் சங்கத்தின் இதழுக்கு அனுப்பினார். சீக்கிரம் வெளிவரட்டும் என்று ஆசிரியர் நிக்லாஸ் விர்த் அதைக் கட்டுரைப் பகுதியிலிருந்து எடுத்து வாசகர் கடிதமாக்கி 1968 மார்ச்சில் வெளியிட்டார். கூடவே, "கோ டூவுக்கு எதிரான வழக்கு" என்ற சாதுவான தலைப்பையும் நீக்கிவிட்டு, "கோ டூ தீங்கானது எனக் கருதப்படுகிறது" என்ற பொருளில் புதிதாக ஒன்றைச் சூட்டினார். யார் கருதினார்கள் என்று சொல்லாத தலைப்பு. பத்திரிகைத் தொழிலில் இதற்குப் பெயர் சூட்சுமம்.

உள்ளே இருந்த வாதம் உண்மையில் மென்மையானது. காகிதத்தில் நிரல் அசையாமல் நிற்கிறது. கணினியில் அது காலத்தில் ஓடுகிறது. நிற்பதைப் பார்த்து ஓடுவதைப் புரிந்துகொள்ள மனித மூளைக்குத் திறமை குறைவு. ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறையுங்கள். அவ்வளவுதான். நிரலின் வரலாற்றில் படிக்கிறவனின் மூளையைப் பற்றிக் கவலைப்பட்டு இவ்வளவு உரக்கப் பேசியவர்கள் அதற்கு முன் அபூர்வம். கூடவே, நல்ல புரோகிராமர் எழுதுவதில் கோ டூ குறைவாகவும் மட்டமானவர் எழுதுவதில் அதிகமாகவும் இருக்கக் காண்கிறேன் என்றும் சொல்லிவைத்தார். சண்டை அந்த வரிக்குத்தான்.

மூளை சம்பந்தமான வாதத்தை எல்லோரும் மறந்தார்கள். கோ டூ வைணவம், கோ டூ சைவம் என்று இரண்டு கட்சி ஆயிற்று. 1973ல் டேட்டாமேஷன் பத்திரிகையில் ஒருவர், கோ டூதானே பிரச்சினை, இதோ "கம் ஃப்ரம்" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு ஒரு புதுக் கட்டளையைச் சிபாரிசு செய்தார். நீங்கள் பாட்டுக்கு ஒரு வரியில் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த வரியில் எந்த அறிவிப்பும் இருக்காது. ஆனால் வேறெங்கோ "இந்த வரியிலிருந்து வா" என்று எழுதியிருந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு முந்தைய வருடம் பிரின்ஸ்டன் மாணவர்கள் இருவர் இன்டர்கால் என்று ஒரு மொழியைச் செய்திருந்தார்கள். அதில் போதுமான அளவு "தயவுசெய்து" போடாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று நிரல் நிராகரிக்கப்படும். அதிகமாகப் போட்டால் ஜால்ரா என்று நிராகரிக்கப்படும். கம் ஃப்ரம் கட்டளை பின்னாளில் இன்டர்காலில்தான் போய்ச் சேர்ந்தது. சேர வேண்டிய இடம்.

1974ல் டொனால்ட் க்னூத் நாற்பது பக்கத்தில் ஒரு சமரசம் எழுதினார். கோ டூ எங்கே நல்லது, எங்கே கெட்டது என்று அறிவோடு பிரித்துக் காட்டியதால் இரு கட்சியும் அவரைத் தங்கள் ஆள் என்றது. 1987ல் அதே சங்க இதழுக்கு ஒருவர் "கோ டூ தீங்கானது என்பதே தீங்கானது" என்று கடிதம் போட, இரண்டு மாதத்தில் "'கோ டூ தீங்கானது என்பதே தீங்கானது' என்பது தீங்கானதா?" என்று இன்னொரு தலைப்பு வந்தது. மேற்கோள் குறிகளை எண்ணவே ஆள் வைக்க வேண்டிய நிலை. டைக்ஸ்ட்ரா, வழக்கம்போல ஊற்றுப்பேனாவால் முத்து முத்தாக எழுதி, இந்தக் கடிதப் போக்குவரத்து ஏமாற்றமளிக்கிறது என்று நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு நகர்ந்தார்.

கோ டூ இல்லாமலும் படிக்கிறவனைக் கொல்லலாம் என்று காட்டியவர்கள் கெர்னிகனும் பிளாகரும். 1974ல் நிரல் நடையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். உதாரணங்களை அவர்கள் கற்பனை செய்யவில்லை, அச்சில் வந்த பாடப் புத்தகங்களிலிருந்தே எடுத்தார்கள். வாத்தியார்களுக்கு வாத்தியார் போட்ட பிரம்படி. அதில் ஒன்று: ஒரு சதுர அட்டவணையில் மூலைவிட்டத்தில் மட்டும் 1, மற்ற இடமெல்லாம் 0 நிரப்ப வேண்டும். பாடப்புத்தகக்காரர் என்ன செய்தார்? வரிசை எண்ணைப் பத்தி எண்ணால் வகுத்து, பத்தி எண்ணை வரிசை எண்ணால் வகுத்து, இரண்டையும் பெருக்கினார். ஃபோர்ட்ரானில் முழு எண் வகுத்தலில் மிச்சம் காணாமல் போகும். 3ஐ 5ஆல் வகுத்தால் 0. ஆகவே இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே 1 வரும், இல்லாவிட்டால் எப்படியும் ஒரு பக்கம் 0. ஆஹா! எல்லாவற்றிலும் 0 போடு, பிறகு மூலைவிட்டத்தில் 1 போடு என்று இரண்டு வரியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதியிருக்கலாம். எழுதினால் யார் ஆஹா என்பார்கள்?

பெல் ஆய்வகத்து மகரிஷிகளும் லேசுப்பட்டவர்களில்லை. அவர்கள் எழுதிய யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பில், 1975, ஒரு சிக்கலான இடத்தின் தலையில், இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் குறிப்பு எழுதியிருந்தது. உலகமெல்லாம் அதை ரிஷிகளின் கர்வம் என்று கொண்டாடி, சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டது. பல வருடம் கழித்து, எழுதியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி விளக்கம் தந்தார்: இது பரீட்சையில் வராது என்ற அர்த்தத்தில் எழுதினோம், மற்றபடி அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் புரிந்திருக்கவில்லை. அந்த இடத்தின் ஏற்பாடே அடிப்படையில் கோளாறு. வேறொரு எந்திரத்துக்கு யூனிக்ஸைப் பெயர்க்கப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நாற்பது வருடமாக நான் பார்த்தவரை, புரியாத நிரலுக்குப் பின்னால் மேதை இருப்பார் என்று நினைப்பவர்கள் இந்த விளக்கத்தை மட்டும் சட்டையில் அச்சடிப்பதில்லை.

இதே யூனிக்ஸை ஒருவர் நிஜமாகவே உட்கார்ந்து படித்தார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், சுமார் ஒன்பதாயிரம் வரியையும் அச்சிட்டு, கூடவே வரிக்கு வரி உரை எழுதி, மாணவர்களுக்குப் பாடம் வைத்தார். பரிமேலழகருக்குப் பிறகு இப்படி ஓர் உரையாசிரியர் வேண்டுமே! யூனிக்ஸின் சொந்தக்காரரான ஏடி அண்ட் டி கம்பெனிக்கு மூக்கு வியர்த்தது. அடுத்த பதிப்பின் உரிமத்தில், நிரலை வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்று ஷரத்துப் போட்டார்கள். நிரலை எழுதலாம், ஓட்டலாம், விற்கலாம். படித்தால் குற்றம். விளைவு, லயன்ஸ் உரை நகலின் நகலின் நகலாகப் பதினெட்டு பட்டிக்கும் பரவியது. முறைப்படி புத்தகமாக வர 1996 ஆயிற்று.

பெல் ஆய்வகத்திலேயே ஸ்டீவ் போர்ன், தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு ஷெல் எழுதினார். மொழி சி. போர்னுக்கோ முன்பு பழகிய அல்கால் 68தான் மனசுக்குப் பிடித்தது. மேக்ரோ என்ற வசதியால் சி மொழியின் அடைப்புக்குறிகளையெல்லாம் மறைத்து, அல்காலைப் போல "இஃப், தென், ஃபி" என்று வேஷம் கட்டிவிட்டார். சி தெரிந்தவனுக்கும் புரியாது, அல்கால் தெரிந்தவனுக்கும் ஓடாது. 1984ல் லாரி பாஸல் என்பவர் வயிற்றுப்பாட்டுக்காக இதைப் படித்துத் திருத்த வேண்டியிருந்தது; கூட வேலை பார்த்த லேண்டன் நோலுக்கும் வேறொரு நிரலில் இதே வேதனை. மனம் வெறுத்த இருவரும், இதைவிட மோசமாக எவனாவது எழுதிக் காட்டட்டும் என்று ஒரு போட்டியே ஆரம்பித்துவிட்டார்கள். புரியாத சி நிரலுக்கான அந்த உலகப் போட்டி இடைவெளி விட்டு விட்டு இன்னமும் நடக்கிறது. பரிசு வாங்காமலேயே பலர் தினமும் அலுவலகங்களில் கலந்துகொள்கிறார்கள்.

1976ல் தாமஸ் மெக்கேப் தெர்மாமீட்டரோடு வந்தார். ஃபங்ஷன் என்கிற நிரல் துண்டு ஒன்றில் எத்தனை கிளை பிரிகிறது என்று எண்ணி, ஒன்றைக் கூட்டு. அதுதான் சிக்கலின் அளவு. 10க்கு மேல் போனால் உடைத்து எழுது. பத்து ஒன்றும் மந்திர எண் இல்லை, நியாயமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று அவரே நேர்மையாகச் சொன்னார். முறையாகப் பயிற்சி பெறாமலேயே 3க்கும் 7க்கும் நடுவே எழுதுகிற புரோகிராமர்களைக் கண்டு மகிழ்ந்தார். 40, 50 என்று எழுதுகிறவர்களையும் கண்டார். அவர்கள் சொன்னது: இதை வேறு எந்த விதத்திலும் எழுதவே முடியாது. ஒருமுறை அவரிடம் 24 ஃபோர்ட்ரான் பகுதிகள் கொண்ட ஒரு டேப்பைக் கொடுத்தார்கள். அளந்தால் சில 16, 17, சில 54, 56, ஒன்று 64. கொடுத்தவர்களைக் கேட்டார். அதிகம் தொல்லை கொடுப்பவை என்பதால்தான் அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தோம் என்றார்கள். அவர்கள் தொந்தரவு வரிசைப்படுத்திய பட்டியலும் இவருடைய எண் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன.

எண் கிடைத்தால் மேனேஜர் சும்மா இருப்பாரா? பத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு வந்த இடத்திலெல்லாம் 40 வாங்கிய ஃபங்ஷன் ஐந்தாக வெட்டப்பட்டு, பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று பெயர் வைக்கப்பட்டு, ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றும் பத்துக்குள். படிக்கிறவன் முன்பு ஓர் அறையில் தொலைந்தான், இப்போது ஐந்து அறைகளில் தொலைந்தான்.

எண்களில் இதைவிட அசடான எண் ஒன்றும் உண்டு: வாரத்துக்கு எத்தனை வரி எழுதினாய். 1982ல் ஆப்பிளில் லிசா கணினிக்கு வேலை செய்த புரோகிராமர்கள் ஒவ்வொரு வாரமும் இதற்கொரு படிவம் நிரப்ப வேண்டும். பில் அட்கின்சன் ஒரு வாரம், திரையில் படம் வரையும் குவிக்டிரா என்ற நிரலின் ஒரு பகுதியை அடியோடு மாற்றி, எளிமையாக எழுதியிருந்தார். ஏறக்குறைய ஆறு மடங்கு வேகம். நிரலில் சுமார் 2,000 வரி குறைந்திருந்தது. படிவத்தில் கட்டத்தைப் பார்த்தார். நிதானமாக −2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

வதைபட்ட கோ டூ என்னவாயிற்று? மேல்தட்டு மொழிகள் பலவற்றில் அதை ஒழித்தே விட்டார்கள். சி மொழியில் பிழைத்துக் கிடக்கிறது. லினக்ஸ் கர்னலின் விதிமுறையில், மூன்று படிக்கு மேல் உள்ளே தள்ளி எழுதினால் உன் நிரலையே திருத்து என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கர்ஜிப்பார். ஆனால் தவறு நேர்ந்தால் ஒரே இடத்துக்குப் போய்க் கழுவித் துடைத்துவிட்டு வெளியேற கோ டூ போட்டுக்கொள்ளலாம் என்று அதே விதிமுறை அனுமதிக்கும். இந்த ஒரு உபயோகத்தில் அது படிக்கிறவனுக்கு உதவுகிறது என்றே எனக்கும் படுகிறது.

ஆப்பிளிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வலைத்தளம் அசல்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன். சோதனை தவறினால் "கோ டூ ஃபெயில்". அடுத்த சோதனை, "கோ டூ ஃபெயில்". ஓரிடத்தில் மட்டும் அந்த வரி இரண்டு தடவை விழுந்துவிட்டது. முதலாவது "இஃப்" சொல்படி கேட்கும். இரண்டாவதற்கு மேய்ப்பன் இல்லை, சோதனை வெற்றியோ தோல்வியோ தாவும். பார்வைக்கோ இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி, இரட்டைப் பிள்ளைகளாகச் சமர்த்தாக நின்றன. கையெழுத்துச் சோதனை மட்டும் நடக்கவே இல்லை, நடந்ததாகப் பதில் போனது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கோடிக்கணக்கான போன்கள் எந்த மோசடிக்காரனுக்கும் "வாங்க வாங்க" சொல்லிக்கொண்டிருந்தன. 2014 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. டைக்ஸ்ட்ரா அன்றே சொன்னார் என்று ஒரு கட்சி கிளம்பியது. அடைப்புக்குறி போட்டிருந்தால் வந்திருக்காது என்றது இன்னொன்று. ஒரு சோதனைகூட எழுதிப் பார்க்கவில்லையா என்று கேட்டவர்களை இரண்டு கட்சியும் கண்டுகொள்ளவில்லை.

சிகிச்சை ஒரே ஒரு வரியை அழிப்பதுதான். படிவம் இருந்திருந்தால் அந்த வாரத்து உற்பத்தி −1.